டி கலம் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நிர்ப்பீடனப் பாடம், அதாவது நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய பாடம், வரும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் சில கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். தேயிலைத் தோட்ட லயத்துத் தாய்மார்கள் கிளினிக் நாளில் வேறு வார்த்தைகளில் கேட்பதும் கிட்டத்தட்ட அவையேதான். இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் 'கலம்' என்றே எழுதுவேன். இந்தியப் புத்தகங்களில் 'செல்' என்று படித்தவர்கள் அதையே இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டி கலம் என்றால் என்ன?

வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை. என்புமச்சையில் (எலும்பு மஜ்ஜையில்) பிறக்கும், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய் அங்கே முதிரும். தைமஸ் என்ற சொல்லின் ஆங்கில முதலெழுத்துத்தான் அந்த 'டி'. சி.டி.8 என்ற கூட்டம் வைரசு புகுந்த கலங்களைத் தேடிக் கொல்லும். சி.டி.4 என்ற கூட்டம் மற்றக் கலங்களுக்கு வேலை சொல்லும். எல்லாரையும் அடக்கிவைக்கும் ஒரு சிறு கூட்டமும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு நோயைப் பார்த்து உடம்பின் வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பரம்பரை அலகு, அதாவது ஜீன், கெட்டிருக்கிறது. மற்ற எல்லாம் சரி. அப்படியானால் அந்தப் பிள்ளையால் எது முடியவில்லையோ, அதுதான் அந்த ஜீனின் வேலை. ஆய்வுகூடத்தில் எவரும் மனிதரில் செய்யக்கூடாத பரிசோதனை இது. இயற்கை அதைச் செய்துவிட்டது. விலை கொடுத்தது அந்தப் பிள்ளை. இதை மறந்துவிட்டு இந்தப் பாடத்தை நடத்த எனக்கு மனம் வருவதில்லை.

வரலாற்றில் இரண்டு வகைப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1950இல் சுவிட்சர்லாந்தில் கிளான்ஸ்மன், ரினிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் சில கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வாயெல்லாம் வெள்ளைப் பூஞ்சை, குருதியில் டி கலமும் சேர்ந்த நிணநீர்க் கலங்கள் மிகமிகக் குறைவு, எந்தக் கிருமி வந்தாலும் தாங்கவில்லை. 1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்குத் திரும்பத் திரும்பப் பற்றீரியாத் தொற்று. குருதியில் பிறபொருளெதிரிகளே, அதாவது கிருமியைப் பிடிக்கும் அன்டிபொடி என்ற புரதங்களே, இல்லை. ஆனால் இந்த இரண்டாம் வகைப் பிள்ளைகள் சின்னமுத்து, கொப்புளிப்பான் போன்ற பெரும்பாலான வைரசு நோய்களில் மற்றப் பிள்ளைகளைப் போலவே தேறிவிடுவார்கள்.

பிறபொருளெதிரி இல்லாமலே வைரசை வெல்ல முடிகிறது என்றால், வேறொரு கை அங்கே வேலை செய்கிறது. ஜாக் மில்லர் 1961இல் எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். 1965இல் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிக்குஞ்சுகளில் பார்த்தார்கள். தைமஸ் வழி வருவது ஒன்று, பிறபொருளெதிரி செய்வது இன்னொன்று என்று பிரிந்தது. டி கலம், பி கலம் என்று இன்று மாணவர்கள் இரண்டு வரியில் எழுதும் விடைக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

தைமஸ் இல்லாமல் பிறந்தால்?

1965இல் ஃபிலடெல்ஃபியாவில் ஏஞ்சலோ டிஜோர்ஜ் என்ற குழந்தை மருத்துவர் கவனித்தது இதைத்தான். இந்தப் பிள்ளைகளுக்கு இதயக் குறை இருக்கும், கல்சியம் குறைந்து வலிப்பு வரும், தைமஸ் சிறுத்தோ இல்லாமலோ இருக்கும். பெரும்பாலானவர்களில் 22ஆம் நிறமூர்த்தத்தில் (ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோமில்) ஒரு சிறு துண்டு காணாமல் போயிருக்கும். தைமஸ் அறவே இல்லாதவர்கள் இவர்களில் மிகச் சிலரே.

அந்தச் சிலரிடம் என்புமச்சை நன்றாக இருக்கிறது; கலத்திலும் பழுதில்லை. வளர்வதற்கு இடம்தான் இல்லை. சரி, இடத்தைக் கொடுத்தால்? இதய அறுவைச் சிகிச்சையின்போது மற்றக் குழந்தைகளிடமிருந்து அகற்றப்படும் தைமஸ் திசுவைப் பக்குவப்படுத்தி, இந்தப் பிள்ளையின் தொடைத் தசைக்குள் வைக்கிறார்கள். பல மாதம் கழித்துப் புது டி கலங்கள் வரத் தொடங்குகின்றன. 2021இல் அமெரிக்கா இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. நெஞ்சில் இருக்க வேண்டியது தொடையில் இருந்தாலும் வேலை நடக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும்போது பின்வாங்கில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்துவிடுவார்கள்.

'ஸ்கிட்' என்கிறார்களே, அது என்ன?

டி கலமே இல்லாமல், அல்லது வேலைக்கு ஆகாத நிலையில் பிறப்பது. பி கலமும் கூடவே கெடும், அல்லது இருந்தும் பயனில்லாமல் போகும். பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் கொஞ்ச நாள் தாங்கும். இரண்டு மூன்று மாதத்தில் வாய்ப்புண், நிற்காத வயிற்றோட்டம், நிமோனியா என்று தொடங்கி எடை ஏறாமல் நின்றுவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் ஒன்றிரண்டு வயதுக்குள் உயிர் போய்விடும்.

இதற்கு ஒன்றல்ல, பல ஜீன்கள் காரணம். எனக்கு மிகவும் பிடித்த கதை எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கும் ஜீனுடையது. 1993இல் கண்டுபிடித்தபோது, அது இன்டர்லூக்கின் 2 என்ற தூதுப் பொருளை வாங்கும் வாங்கியின் ஒரு துண்டு என்று தெரிந்தது. ஆனால் கணக்கு உதைத்தது. இன்டர்லூக்கின் 2 இல்லாத எலிகளில் டி கலங்கள் இருந்தன. அப்படியிருக்க, வாங்கியின் ஒரு துண்டு கெட்ட பிள்ளையிடம் மட்டும் ஏன் ஒன்றுமே இல்லை?

அந்தத் துண்டு பொதுச் சொத்து என்பதுதான் விடை. இன்டர்லூக்கின் 2, 4, 7, 9, 15, 21 ஆகிய ஆறுக்கும் உரிய வாங்கிகள் அதையே பங்குபோட்டுக்கொள்கின்றன. அது போனால் ஆறு செய்தியும் போகும். இந்த ஆறில் டி கலத்துக்கு உயிரானது எது? 1998இல் இன்டர்லூக்கின் 7 வாங்கி மட்டும் கெட்ட பிள்ளைகள் அதைக் காட்டினார்கள். அவர்களிடம் டி கலம் இல்லை. பி கலமும், இயற்கைக் கொல்லிக் கலம் என்ற இன்னொரு வகை வெண்குருதிக் கலமும் இருந்தன. எலியிலோ இன்டர்லூக்கின் 7 இல்லாவிட்டால் பி கலமும் வளராது. எலியைப் பார்த்து மனிதனை முழுக்க எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இன்னொரு படியும் உண்டு. அந்தப் பொதுத் துண்டு கலத்துக்குள்ளே செய்தியை ஜாக்3 என்ற நொதியிடம் கொடுக்கும். அப்படியென்றால் ஜாக்3 கெட்டாலும் இதே நோய் வர வேண்டும். 1995இல் அப்படியான பிள்ளைகள், பெண் குழந்தைகளும் சேர்த்து, கண்டறியப்பட்டார்கள். அப்புறம் ஆய்வாளர்கள் அதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்கள்: ஜாக்3 இல்லாவிட்டால் நிர்ப்பீடனம் அடங்கும் என்றால், அளவுக்கு மீறி எரியும் நிர்ப்பீடனத்தை அடக்க அதைத் தடுக்கலாமே? டோபாசிட்டினிப் என்ற மாத்திரை 2012இல் மூட்டுவாதத்துக்கு அனுமதி பெற்றது அந்த வழியில்தான்.

சில வீடுகளில் ஆண் பிள்ளைகளே ஏன் இறந்துபோகிறார்கள்?

ஆணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் ஒன்றுதான். அதில் உள்ள ஜீன் கெட்டால் மாற்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். தாய் சுகமாகவே இருப்பாள். அவள் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு.

என் பெரியம்மாவுக்கு நான்கு பிள்ளைகள். இரண்டு ஆண் பிள்ளைகள் ஒரு வயது காணவில்லை; இரண்டு அக்காமாரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். வயிற்றோட்டமும் நிமோனியாவும் பல லயங்களில் பிள்ளைகளைக் கொண்டுபோன காலம் அது. ஆகவே அதை இந்த நோய் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் பெரியம்மாவைத்தான் எல்லாரும் குறை சொன்னார்கள். பால் சரியில்லை என்றார்கள், பார்வை பட்டது என்றார்கள், பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போனாள் என்றார்கள். இந்தப் பாடத்தைப் படித்த நாளில் எனக்கு முதலில் வந்தது அவர் முகம்தான்.

கண்ணாடிக் கூண்டில் வளர்ந்த பையன் கதை உண்மையா?

உண்மை. டேவிட் வெட்டர், அமெரிக்காவின் டெக்சாஸில் 1971 செப்டம்பரில் பிறந்தவன். அண்ணன் இதே நோயில் இறந்திருந்ததால், பிறந்த உடனே கிருமி இல்லாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்தார்கள். பன்னிரண்டு வருடம் அதற்குள்ளேயே வளர்ந்தான். 1983இல் அக்காவின் என்புமச்சையை ஏற்றினார்கள். அதற்குள் எப்ஸ்டீன்-பார் வைரசு ஒளிந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் உடம்பில் வாழ்நாள் முழுக்க வைத்திருக்கும் வைரசு அது, ஒன்றும் செய்யாது. டேவிட்டின் உடம்பில் அது பி கலங்களைப் பெருகவைத்துப் புற்றுநோயாக்கியது. 1984 பெப்ரவரியில் இறந்தான்.

அந்த வைரசு நம்மை ஒன்றும் செய்யாமல் இருப்பது அதன் நல்ல குணத்தால் இல்லை; டி கலங்கள் ஒவ்வொரு நாளும் காவல் இருப்பதால். அந்தக் காவல் இருப்பதே, அது இல்லாத ஒரு பையனிடம்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

இத்தனை கிருமிக்கும் தனித்தனி டி கலம் எப்படி வருகிறது?

ஒவ்வொரு டி கலமும் தன் வாங்கிக்கான ஜீன் துண்டுகளை வெட்டி, புது விதமாக ஒட்டிக்கொள்கிறது. வெட்டும் கத்தரி ராக்1, ராக்2 என்ற இரண்டு புரதங்கள். 1996இல் இவை கெட்ட பிள்ளைகள் கண்டறியப்பட்டார்கள்: டி கலமும் இல்லை, பி கலமும் இல்லை. இரண்டுக்கும் ஒரே கத்தரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கத்தரி கொஞ்சம் மட்டும் வெட்டினால் நிலைமை வேறு விதமாக மோசம். ஒமென் நோயில் ஒரு சில டி கலங்கள் மட்டும் உருவாகி, போட்டிக்கு ஆளில்லாமல் பெருகி, பிள்ளையின் சொந்த உடம்பையே தாக்கும். தோல் முழுக்கச் சிவந்து உரியும்.

வெட்டித் தள்ளிய துண்டு வட்டமாகச் சுருண்டு கலத்துக்குள் கிடக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டுக் குருதியில் அந்த வட்டங்களை எண்ணினால், தைமஸ் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். 2008இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்யத் தொடங்கியது. கழிவென்று கிடந்ததை வைத்து உயிரைக் காக்கிறார்கள்.

தைமஸுக்குள் என்ன நடக்கிறது?

கொழுந்து தரம் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆனால் இங்கே கழிவு மிக அதிகம். உள்ளே போகும் இளம் கலங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெளியே வருவதில்லை.

முதல் சோதனை: உடம்பின் கலங்கள் மேலே காட்டும் அடையாளத் தட்டைப் பிடிக்கத் தெரிகிறதா? இரண்டாம் வகைத் தட்டு இல்லாத பிள்ளைகளில் சி.டி.4 கலங்கள் மிகக் குறைவு. முதல் வகைத் தட்டு இல்லாதவர்களில் சி.டி.8 குறைவு. எந்தக் கூட்டம் எந்தத் தட்டைப் பார்த்து வளர்கிறது என்பதை இந்த இரண்டு நோயும் கோடு போட்டுக் காட்டிவிட்டன.

இரண்டாம் சோதனை: சொந்த உடம்பைத் தாக்குமா? இன்சுலின் சதையத்தில், அதாவது கணையத்தில், உண்டாவது. தைமஸில் இருக்கும் கலம் அதை எங்கே பார்த்துப் பழகும்? ஏர் என்ற ஜீன் தைமஸுக்குள்ளேயே இத்தகைய புரதங்களைச் சிறிது சிறிதாகச் செய்துகாட்டுகிறது. 1997இல், பின்லாந்துக் குடும்பங்களில் ஓரளவு கூடுதலாகக் காணப்படும் ஒரு நோயைத் தொடர்ந்துபோய் இதைக் கண்டுபிடித்தார்கள். இது கெட்டவர்களில் டி கலங்கள் ஏராளம். ஆனால் அவை பரதைரொயிட்டையும் அதிரீனற் சுரப்பியையும் அழிக்கும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் வேலை செய்யாமல் போகுமா?

போகும். 1994இல் கண்டறியப்பட்ட ஸாப்70 குறைபாட்டில் சி.டி.4 கலங்கள் இருக்கும், ஆனால் வாங்கி கிருமியைத் தொட்டாலும் செய்தி உள்ளே போகாது. 2006இல் ஒராய்1 என்ற கல்சியம் வாசல் கெட்ட பிள்ளைகளைக் கண்டார்கள். டி கலங்கள் கணக்குப்படி உண்டு. கல்சியம் உள்ளே பாயாததால் அவை எழும்பவே இல்லை. அந்த வாசலைப் பல வருடம் தேடியவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்ததில் இப்படியொரு குடும்பத்துக்கும் பங்குண்டு.

இன்னொரு வகையில், பி கலத்தைப் பிடித்து வேலை சொல்லும் சி.டி.40 பிணைப்பான் என்ற கைப்பிடி டி கலத்தில் இருக்காது. 1993இல் இது தெரிய வரும்வரை பி கலத்தின் நோய் என்றே நினைத்திருந்தார்கள், ஏனென்றால் கெட்டுப்போவது பிறபொருளெதிரி.

அதிகமாக வேலை செய்தால் நல்லதுதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன். 'சத்துக் கூட்டும்' பொடியும் டொனிக்கும் விற்பவர்கள் நிர்ப்பீடனம் ஏற ஏற நல்லது என்று நம்பவைத்துவிட்டார்கள். ஃபொக்ஸ்பி3 ஜீன் கெட்ட ஆண் குழந்தைகளைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். பிறந்து சில வாரத்திலேயே நீரிழிவு, நிற்காத வயிற்றோட்டம், தோல் அழற்சி. கிருமி எதுவும் செய்யவில்லை; தன் டி கலங்களே செய்கின்றன. அடக்கிவைக்கும் அந்தச் சிறு கூட்டம் இவர்களிடம் இல்லை.

ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி 1995இல் எலிகளில் அந்தக் கூட்டத்தை அடையாளம் கண்டார். 1940களில் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றில் தற்செயலாகப் பிறந்த நோயாளி எலி வம்சம் ஒன்றின் ஜீனை மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் தேடிப் பிடித்து, 2001இல் அதே ஜீன்தான் அந்தக் குழந்தைகளிலும் கெட்டிருக்கிறது என்று காட்டினார்கள். மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நிறுத்துவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு இன்னொரு சான்று பேஃபோரின். கொல்லி டி கலம் எதிரிக் கலத்தில் துளை போடும் புரதம் அது. 1999இல் அது இல்லாத பிள்ளைகளைக் கண்டபோது, அவர்களின் நிர்ப்பீடனம் பலவீனமாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். நடந்தது மாறாக இருந்தது: அடங்காத காய்ச்சல், வீங்கிய ஈரலும் மண்ணீரலும், உடம்பு முழுக்க அழற்சி. கொல்ல முடியாத கலம் எதிரியை விட்டு விலகாமல் அழைப்பு மேல் அழைப்பாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கொன்று முடிப்பதும் அமைதிக்கு ஒரு வழி என்று அந்தப் பிள்ளைகள்தான் காட்டினார்கள்.

இது எயிட்ஸா? ஒட்டுமா?

இல்லை, ஒட்டாது. எச்.ஐ.வி வெளியிலிருந்து வந்து சி.டி.4 கலத்தை அழிக்கும் வைரசு. இது பிறவியிலேயே உள்ள ஜீன் குறை. அந்தப் பிள்ளையை நாம் தொடுவதால் நமக்கு ஒன்றும் வராது. நம் சளிதான் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து.

மாமன் மகளைக் கட்டினால் இது வருமா?

கட்டினாலே வரும் என்பது தவறு. ஆனால் முறைப்பிள்ளைகளுக்கு ஜீனில் எட்டில் ஒரு பங்கு பொது. ஒரே கெட்ட ஜீனை இருவரும் சுமக்கும் வாய்ப்பு அதனால் கூடும். அப்படிச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. எக்ஸ் வழி வரும் வகைக்கு இந்த உறவு காரணமே இல்லை. கட்டி முடித்தவர்களைக் குற்றம் சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. டாக்டர் கேட்கும்போது உறவை மறைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

"டீச்சர், புள்ளைக்கு எந்நேரமும் சளி. இதுவா இருக்குமா?"

பெரும்பாலும் இல்லை, அக்கா. நம் பனியிலும் புகையடைந்த அடுப்படியிலும் சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் பல தடவை சளி வருவது வழமை. எடை ஏறி, இடையில் சுகமாக விளையாடினால் பயம் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது வேறு: ஆறு மாதத்துக்குள் திரும்பத் திரும்ப நிமோனியா, மருந்து போட்டும் போகாத வாய் வெள்ளை, வாரக்கணக்கில் வயிற்றோட்டம், எடை நின்றுபோவது, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி போட்ட இடம் ஆறாமல் புண்ணாகிக் கக்கத்தில் கட்டி வருவது. சாதாரணக் குருதிப் பரிசோதனையிலேயே முதல் துப்புக் கிடைக்கும். கைக்குழந்தையின் நிணநீர்க் கலங்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 3,000க்குக் கீழே இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அந்த எண் சரியானது என்பதால் கண்ணில் படாமல் போகும்.

சிகிச்சை உண்டா?

உண்டு. 1968இல் ராபர்ட் குட்டின் குழு அக்காவின் என்புமச்சையை ஏற்றி ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்றியது. அமெரிக்காவில் 2014இல் வந்த ஆய்வில், மூன்றரை மாதத்துக்குள் என்புமச்சை மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 94 பேர் ஐந்து வருடம் தாண்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு, தொற்று இருக்கும்போதே செய்தவர்களில் 50 பேர்தான். நாள் எவ்வளவு முக்கியம் என்று இந்த இரண்டு எண்ணும் சொல்கின்றன. பிரான்சில் 1999இல் எக்ஸ் வகைப் பிள்ளைகளுக்கு ஜீன் சிகிச்சை தொடங்கியது. டி கலங்கள் வந்தன, ஆனால் சிலருக்குக் குருதிப் புற்றுநோயும் வந்தது. அதன்பின் ஜீனைச் சுமந்துபோகும் வைரசை மாற்றி அமைத்தார்கள்.

சிகிச்சைக்கு முன் இந்தப் பிள்ளைகளுக்குக் குருதி ஏற்ற நேர்ந்தால், அது கதிர்வீச்சுக் கொடுத்த குருதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்தவரின் டி கலங்களே பிள்ளையைத் தாக்கும்.

நம் பக்கத்தில் யாரிடம் சொல்வது?

முதலில் குடும்பநல மாதுவிடமோ கிளினிக் டாக்டரிடமோ. அங்கிருந்து நுவரெலியாவுக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். டி, பி கலங்களை எண்ணும் பரிசோதனை பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கிறது.

ஒன்றை மட்டும் பிள்ளை பிறக்கும் முன்பே செய்யுங்கள். நம் நாட்டில் பி.சி.ஜி பிறந்த உடனேயே போடப்படுகிறது. அது உயிருள்ள கிருமி. மற்றப் பிள்ளைகளுக்குக் காவல். டி கலம் இல்லாத பிள்ளைக்கு அதுவே உடம்பெல்லாம் பரவும். ஆகவே உங்களுக்கோ, உங்கள் அம்மா, சித்தி, அக்காமாருக்கோ கைக்குழந்தையில் போன பிள்ளை இருந்தால், எத்தனையாம் மாதம், ஆணா பெண்ணா, என்ன வருத்தம் என்று ஒரு தாளில் எழுதிக் கர்ப்பிணி கிளினிக்கிலேயே கொடுத்துவிடுங்கள். பிரசவ அறையில் கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் பலர் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு அப்படி எழுதிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.